ஆடியில் வருகிற சிவாவுக்கு

பேர்ண், சுவிஸ்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததும், மகளுக்குக் கம்பஸ் அனுமதி கிடைத்ததும் பெரிய சந்தோஷம். நாங்களும் சுகம்.

அல்ப்ஸில் உள்ள யுங்ஃபிரௌயோக் மலைக்கணவாய்க்கு ரயிலில் போகலாமா என்று கேட்டிருந்தாய். போகலாம் மச்சான், காசுதான் கடிக்கும். 1912இல் முடிந்த பாதை. ஐகர், மொன்ஷ் இரண்டு மலைகளையும் ஏழு கிலோமீட்டருக்கு மேல் குடைந்து 3454 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கே காற்று மெலிவு. நாலு படி ஏறினால் நம் வயதுக்கு மூச்சு வாங்கும். முகில் மூடினால் வெள்ளைச் சீலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால் காலையில் மேலே உள்ள கமராவை இணையத்தில் பார்த்துவிட்டே டிக்கெட் எடுப்போம்.

அந்த இடத்தில் எனக்கு அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. வடக்குச் சரிவில் உருகும் தண்ணீர் ஆரே ஆற்றில் சேர்ந்து, எங்கள் பேர்ணைச் சுற்றி ஓடி, ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. தெற்கே இறங்கும் அலெட்ச் பனியாற்றின் தண்ணீரோ ரோனில் விழுந்து மத்தியதரைக் கடலுக்கு. அல்ப்ஸில் மிக நீளமான பனியாறு அதுதான், இருபது கிலோமீட்டர் அளவில். வர வரச் சுருங்குகிறது. பார்க்க நினைத்தால் தள்ளிப்போடாதே.

ஆனால் என்னைக் கேட்டால், மேலே நின்று மலையைப் பார்க்க முடியாது. கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். வெங்கன் கிராமத்தில் கேபிள் கார் ஏறி மென்லிசன் மலையில் இறங்கினால், அங்கிருந்து குளைன சைடெக் கணவாய் வரை அநேகமாக இறக்கமான பாதை. ஐகர், மொன்ஷ், யுங்ஃபிரௌ மூன்றும் முன்னாலேயே நிற்கும். ஐகரின் வடக்குச் சுவர் மட்டும் 1800 மீட்டர். 1938 வரை ஒருவரும் அதில் ஏறி முடிக்கவில்லை. வழியில் மஞ்சள் பலகைகள் வரும். அவற்றில் கிலோமீட்டர் இராது, நடக்கும் நேரம்தான்: ஒன்றரை மணி என்று போட்டிருக்கும். அது சுவிஸ்காரரின் கால்களுக்கு! நாங்கள் படம் எடுத்து, இருந்து, பிளாஸ்க்கில் தேத்தண்ணி குடித்துப் போக மூன்று மணி பிடிக்கும். ஆடியில் பின்னேரம் இடிமழை வரும், அதனால் வெள்ளனவே வெளிக்கிட வேண்டும்.

மழை நாள் வந்தால் ட்ரூமெல்பாக் அருவிக்குப் போவோம். மூன்று மலைகளின் பனித்தண்ணீரும் பாறைக்குள்ளேயே விழுகிறது, விநாடிக்கு 20,000 லீற்றர் வரை. சத்தத்தில் பேச முடியாது. லிஃப்ட் உண்டு, ஆனால் அதற்குப் பிறகு ஈரப்படிகள். உன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

எந்தக் கிழமை என்று சீக்கிரம் எழுது, நான் லீவு சொல்ல வேண்டும். விசாவுக்கு அழைப்புக் கடிதம் அடுத்த தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
குகன்