மருந்துவாழ் மலைப் படிப்பாதைத் திருப்பணி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கார்த்திகை தீபத்துக்கு முன் படிகளையும் கைப்பிடிக் கம்பியையும் சரிசெய்தாக வேண்டும். மொத்தச் செலவு ரூ. 3,70,000. கையில் இருப்பது ரூ. 2,12,000. குறைவது ரூ. 1,58,000.

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது சிதறி விழுந்த துண்டு என்று முன்னோர் போற்றிய மலை இது. 1888இல் கேரளத்தின் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவும் முன்பு ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இங்கேதான் இருக்கிறது. உச்சி அனுமன் சன்னதியில் நின்றால் தெற்கே கடல், தென்கிழக்கே விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும், கீழே தென்னந்தோப்பும் வயலும் குளங்களும். இந்தப் பாக்கியம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

மழைநீர் படி வழியாகவே இறங்கி அடிமண்ணை அரிக்கிறது. படி தொங்கி, மிதித்ததும் உடைகிறது. அதனால் பக்கவாட்டில் ஓடையும் குறுக்கே வடிகாலும் வெட்டாமல் படியை மட்டும் பூசுவது வீண். கம்பித் தூண்கள் உப்புக்காற்றில், தண்ணீர் தேங்கும் அடிப்பாகத்தில்தான் இற்றுப்போகின்றன. இம்முறை அடிக் கான்கிரீட்டைச் சரிவாக வார்க்கிறோம். வெல்டிங் செய்தால் துத்தநாகப் பூச்சு கருகி அங்கேயே துரு பிடிக்கும் என்பதால், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகளை மரையிட்டே இணைக்கிறோம்.

20 அடி பைப் 55: ரூ. 1,10,000. சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி: ரூ. 60,000. கொத்தனார், கையாள் கூலி: ரூ. 95,000. சுமைகூலி மட்டும் ரூ. 1,05,000. வண்டி ஏறாத மலை. சிமெண்டை 25 கிலோவாகப் பிரித்து, படி நனைக்கும் தண்ணீர் உட்பட எல்லாம் தலைச்சுமைதான். மேலே சேரும் ஒரு மூட்டை சிமெண்டுக்கு, சுமையோடு சேர்த்து ரூ. 650 ஆகிறது.

கேட்டதும் கொடுத்த பொற்றையடி, கொட்டாரம் வியாபாரிகளுக்கும், கூலியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்த சுமைக்காரர்களுக்கும், உண்டியலை உடைத்துத் தந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும், பெயர் வேண்டாம் என்று சொல்லிப் பத்துத் தூண்களுக்குப் பணம் தந்த அம்மாவுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அனுமன் அவர்கள் குடும்பங்களைக் காப்பார்.

வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தீபம் எரியும் படத்தை வருடந்தோறும் பெருமையோடு எல்லோருக்கும் அனுப்புகிறீர்கள். அந்தத் தீபத்துக்கு நெய் சுமந்து ஏறுகிறவர் கால் வைக்கும் படி உடைந்து கிடக்கிறது. கொடுக்க முடிந்தவர்கள் ஒதுங்கியிருப்பது நமக்கு அழகல்ல.

ஐப்பசி மழை பிடித்தால் புதுப்படி இறுகாது, சிமெண்ட் பால் கரைந்து ஓடிவிடும். புரட்டாசிக்குள் வார்த்து, ஏழு நாள் நனைத்து முடிக்க வேண்டும். ஆகவே ஆவணி முடிவதற்குள் பணத்தைப் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பணம் இயலாதவர்கள் ஞாயிறு காலை அடிவாரத்துக்கு வந்து ஒரு சுமை ஏற்றித் தாருங்கள்.

இங்ஙனம்,
படிப்பாதைத் திருப்பணிக் குழுவினர்