செயலாளர் ஆண்டறிக்கை: பேட்டரி வண்டிக்குத் தயாராகும் மதுரைப் பட்டறைகள்

தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், செல்லூரிலிருந்து திருப்பரங்குன்றம் வரை பட்டறையை அடைத்துவிட்டு வந்திருக்கும் மெக்கானிக் தோழர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆயுத பூஜை, நலநிதி உதவி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. நான் விரிவாகச் சொல்ல வேண்டியது பேட்டரி வண்டிப் பயிற்சியைப் பற்றித்தான்.

நமக்கு அன்றாடம் சோறு போடுவது ஆயில் சர்வீஸ், பிளக், ஏர் ஃபில்டர், கிளட்ச் பிளேட் வேலைகள். பேட்டரி வண்டியில் இவை பெரும்பாலும் கிடையாது. பிரேக், டயர், பேரிங், ஷாக் அப்சார்பர், ஒயரிங் மட்டும் மிஞ்சும். அதனால்தான் மூத்தவர்கள் சிலர் "எங்க காலம் முடிஞ்சதுப்பா" என்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து, கார்பரேட்டர் இருந்த இடத்தில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உட்கார்ந்தபோதும் இதையேதான் பேசினோம். கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவியைப் பிடிக்கப் பழகியவர்களுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

நம் ஞாயிறு வகுப்பில் முதல் பாடம் பாதுகாப்பு. மோதிரம், காப்பு கழற்றாத யாரையும் பேட்டரிப் பக்கம் விடவில்லை. நாம் பழகியது 12 வோல்ட். 48 வோல்ட் என்று எழுதியிருக்கும் லித்தியம் பேட்டரியில் 13 செல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்திருந்தால், முழு சார்ஜில் 54.6 வோல்ட் நிற்கும். ஷார்ட் ஆனால் மோதிரம் நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் கரண்டு தங்கியிருக்கும். பேட்டரி பேக்கைப் பிரித்து செல் மாற்றும் வேலையை, முறையான பயிற்சி இல்லாமல் நம் உறுப்பினர் யாரும் தொடவே கூடாது. வீட்டுக்குள் வைத்து சார்ஜ் போடும் பொருள் அது.

அப்புறம் பழுது பார்க்கும் பாடம். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார் உதறினால் முதலில் பார்க்க வேண்டியது, மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார். சாவியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் மூன்று சிக்னல் ஒயரிலும் மீட்டர் 0-க்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறிக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் கோளாறு அங்கேதான். முடிந்தது என்று சொன்ன அதே மூத்தவர்கள்தான் இதை இளைஞர்களுக்கு முன்பே பிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. தமிழகத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தரம் உயர்த்தப்பட்டன. தேசிய அளவில் மின்வாகன மெக்கானிக் என்றே ஒரு தொழிற்பிரிவு உண்டு. ஆனால் குடும்பத்தைச் சுமக்கும் 45 வயதுக்காரர் பட்டறையை மூடிவிட்டு இரண்டு வருஷம் படிக்கப் போக முடியுமா? அவருக்கு மாலை நேர வகுப்பு வேண்டும். கையிலிருக்கும் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்டிருப்பது இதைத்தான்.

இன்னொரு வருத்தம்: சில நிறுவனங்கள் கன்ட்ரோலரையோ சாஃப்ட்வேரையோ வெளிப் பட்டறைக்குத் தருவதில்லை. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய தளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மறுக்கப்பட்டவர்கள் ஆதாரத்தோடு சங்கத்தில் எழுதிக் கொடுங்கள், சேர்ந்து முறையிடுவோம்.

இன்சுலேஷன் போட்ட கருவிகளும் கையுறைகளும் பொதுவில் ஒரு செட் வாங்க நிதி ஒதுக்கி, இந்த அறிக்கையையும் ஏற்றுத் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.