காலனித் தெருவையும் அளந்து செல்லுங்கள்

காவிரிப் படுகை மாவட்டங்களில் கட்டடக்கலை பயிற்றுவிக்கும் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். சென்ற ஆடி மாதத்தில், வீட்டு வகைகளைப் பற்றிய பாடத்திற்காகக் கல்லூரி ஒன்றிலிருந்து மாணவர்கள் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். அக்கிரகாரத்தில் இரண்டு கட்டு வீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, திண்ணையில் தொடங்கி ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை வரை இரண்டு நாள் அளந்தார்கள். தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையைக்கூட விடாமல் வரைந்தார்கள். கை சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் காலனித் தெருவுக்கும் அழைத்துச் செல்கிறேன் என்றேன். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சொல்லிப் பேருந்து ஏறிவிட்டார்கள். அந்த நிகழ்ச்சி நிரலைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில், அளந்த வீட்டைப் பற்றியே சொல்கிறேன். முற்றம் எதற்கு என்று ஒரு மாணவரைக் கேட்டபோது, காற்றோட்டத்திற்கு என்று உடனே பதில் வந்தது. தவறில்லை, ஆனால் அந்த மனையின் முகப்பு 20 அடி, நீளமோ 150 அடிக்கு மேல். இரண்டு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாருடன் பொதுச்சுவர்கள் என்பதால் அவற்றில் ஜன்னல் வைக்க வழியே கிடையாது. வெளிச்சம் மேலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே முற்றத்தை அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. தெரு மனைகளாகப் பிரிக்கப்பட்ட விதத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது விளங்கும். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் விழும் ஐப்பசி மழை, சலதாரை வழியாகத் தெருவுக்குப் போக வேண்டும். இன்றோ சாலைமேல் சாலை போட்டுத் தெரு முற்றத்தைவிட உயர்ந்துவிட்டதால், அதே தாரை வழியாகத் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வீட்டுக்கார அம்மாள் தாரையின் வாயில் பழைய கோணிச் சாக்கைச் சுருட்டித் திணித்து வைத்திருக்கிறார். மாணவர்களின் வரைபடத்தில் தாரை இருக்கிறது, சாக்கு இல்லை.

காலனித் தெருவில் இத்தகைய செய்திகள் இன்னும் அதிகம். இங்கே நெடுங்காலம் பண்ணையாட்கள் குடிசை போட்டது மிராசுதாரின் நிலத்தில். குடியிருப்பு மனைகளைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கிய சட்டம் 1971இல்தான் வந்தது. அடுத்த போகம் வரை இந்த இடத்தில் இருக்க விடுவார்களா என்று தெரியாதவர் செங்கல் சுவர் எழுப்ப மாட்டார் என்பதால், மண் சுவரையும் மூங்கிலையும் கீற்றையும் வெறும் ஏழ்மையின் அடையாளம் என்றோ, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்றோ எழுதிவிட்டுப் போக முடியாது. கூரையின் கீழ் விளிம்பான இறவானம் இடுப்பளவுக்குத் தாழ்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு: சாரல் அடித்தால் மண் சுவர் கரைந்துவிடும். குனிந்து நுழைவது, சுவரைக் காப்பதற்குக் கொடுத்த விலை. அதே சமயம், கீற்றின் குளிர்ச்சியைப் புகழ்ந்து கட்டுரை எழுதுகிறவர்கள் இரண்டு நாட்களை மறக்கக் கூடாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையிட்ட பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கான்கிரீட் கூரை வேண்டும் என்று எங்கள் மக்கள் கேட்பது வெறும் ஆடம்பர ஆசையல்ல.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த தொகுப்பு வீடு, அதாவது ஏழைகளுக்கு அரசுத் திட்டத்தில் கட்டித் தரும் வீடு. அடித்தளம், லிண்டல் மட்டம், கூரை மட்டம், நிறைவு என்று ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து, எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டு பில் அனுப்புவதுதான் என் பணியாக இருந்தது. அடுப்பு எங்கே வைப்பீர்கள், நெல் மூட்டை எங்கே வைப்பீர்கள் என்று ஒரு வீட்டிலும் நான் கேட்டதில்லை; படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. ஓய்வுக்குப் பின், அப்படி நான் அளந்த வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். முன்பக்கச் சுவரை ஒட்டி, சவுக்குக் கால் நட்டு, கீற்றுச் சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். சமையல், சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, இரவுப் படுக்கை எல்லாம் அதற்குக் கீழேதான். கான்கிரீட் அறைக்குள் பீரோவும் நெல் மூட்டைகளும் இருந்தன. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவில் அனலை இறக்குகிறது. சூட்டைத் தடுக்க மேலே தட்டோடு பதிக்க மதிப்பீட்டில் பணம் இல்லை. அரசு கட்டித் தந்தது நெல் சேமிக்கும் பத்தாயமாகிவிட்டது. வீட்டைச் சாய்ப்பாக அவர்களே கட்டிக்கொண்டார்கள். பணியில் இருந்தபோது இந்தச் சாய்ப்புகளைத் திட்டத்துக்குப் புறம்பானவை என்று முகம் சுளித்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

2011இல் தொடங்கிய அரசின் பசுமை வீடு திட்டத்தில் ஒரு வீடு 300 சதுர அடி. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம் என்கிறது விதி. எனக்கு அந்த 60 சதுர அடி சாய்ப்பாகத்தான் தெரிகிறது. அதை எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், எந்தப் பொருளில் போட்டால் இந்த மண்ணுக்கும் மழைக்கும் ஒத்துவரும் என்று சொல்ல வேண்டியவர்கள் உங்கள் மாணவர்கள்தாம். 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. கடைசிக் குடிசையும் பிரிக்கப்பட்ட பிறகு அளக்க வந்து பயனில்லை.

நாகப்பட்டினம் கரையோரம் சுனாமிக்குப் பின் எழுந்த மீனவர் குடியிருப்புகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் இடம் எங்கே என்று அங்கேயே போய்க் கேட்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: ஒரு கிராமத்துக்கு வந்தால் ஒரே வீட்டை அளந்துவிட்டுத் திரும்பாமல், அக்கிரகாரத்து வீடு, குடியானவர் தெருவின் ஓட்டு வீடு, கீற்றுக் குடிசை, தொகுப்பு வீடு ஆகிய நான்கையும் ஒரே அளவுகோலில் வரையச் செய்யுங்கள். தொகுப்பு வீட்டில் அரசு கட்டியதை ஒரு மையிலும், குடியிருப்பவர் பின்னர் சேர்த்ததை வேறொரு மையிலும் குறிக்கச் சொல்லுங்கள். அளக்கும் முன் அந்த வீட்டுப் பெண்களிடம் அனுமதி கேட்டு, யார் எங்கே படுக்கிறார்கள், எங்கே சமைக்கிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வருவதென்றால் கார்த்திகையில் வாருங்கள். ஆடியில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும்.

நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நான் தயார். ஆனால் நாடா நீங்களே கொண்டு வர வேண்டும். என்னிடம் இருப்பது 15 மீட்டர் நாடா, அதிலும் முதல் அரை அடி அறுந்துபோயிற்று.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர்
குடவாசல் வட்டம்