நண்டு தின்றால் எனக்கு அரிப்பு வராது, அம்மாயி

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள அம்மாயிக்கு,

நலம். நலமறிய ஆவல். முட்டி வலி எப்படி இருக்கிறது? போன மாதம் அனுப்பிய தைலம் தீர்ந்திருந்தால் சொல்லு, இங்கே நம் ஆட்கள் கடை இருக்கிற தேக்காவுக்குப் போகும்போது வாங்கி வைக்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ "ஆங்? ஆங்?" என்கிறாய். நான் கத்துகிறேன். நான் கத்துவது கேட்டு மாமா வந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அப்புறம் வீடே சுற்றி நின்று கேட்கிறது. இது வீடே கேட்கிற விஷயம் இல்லை. நீ மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியது. அஞ்சாவது வரைக்கும் படித்தது பின்னே எதற்கு?

அந்தப் போட்டோ விஷயம்தான். கழுத்தில் பிளாஸ்டிக் துணி கட்டி, இரண்டு கையிலும் சிவப்புக் குழம்பு வழிய, என் உள்ளங்கையை விடப் பெரிய நண்டுக் கொடுக்கை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறேனே, அது. தம்பிக்கு மட்டும்தான் அனுப்பினேன். அந்தப் புத்திசாலி அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டான். அன்றைக்கு ராத்திரியே பாப்பாவை விட்டு வாய்ஸ் போடச் சொன்னாய். "கண்ணு, அரிப்பு வந்துருச்சா? டாக்டருகிட்டப் போனியா?" மறுநாளும் அதே கேள்வி. மூன்றாம் நாள், கோட்டை மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருப்பதாகச் சொன்னாய். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

அம்மாயி, நண்டு தின்றால் எனக்கு அரிப்பு வராது. வந்ததே இல்லை. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் தின்ற கதையைக் கேள்.

பழைய அடுக்குமாடி ஒன்றில் லிஃப்டுகளையெல்லாம் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுகிற வேலை பதினாலு மாதமாக நடந்தது இல்லையா, அது ஒருவழியாக முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் எங்கள் தவுக்கே எட்டுப் பேரையும் வேனில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். தவுக்கே என்றால் முதலாளி. சீனர், அறுபது வயசிருக்கும், கோபக்காரர், சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது.

கடலை ஒட்டி வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். 1985ல் கட்டின இடமாம். நாங்கள் போனது அதிலே பேர் போன ஒன்று, சனிக்கிழமை ராத்திரி இடம் கிடைக்காது. வெளியில், கடல் காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார்த்தி வைத்தார்கள். நமக்கு சேலத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு நூறு மைலுக்குக் குறையாது. நமக்குக் கடல் என்றால் மேட்டூர் டேம்தான். நீ முதன்முதலாக அதைப் பார்த்துவிட்டு "இத்தனை தண்ணிக்கும் உப்பு யாரு போடறது?" என்று கேட்டாயாமே, அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

பொழுது இறங்கினதும் கடல் மேலே விளக்கு விளக்காக எரிய ஆரம்பித்தது. ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று ராத்திரியில் கீழே பார்த்தால் சேலம் தெரியுமே, அச்சு அசல் அதே மாதிரி. ஆனால் இங்கே அத்தனையும் கப்பல். துறைமுகத்துக்குள் போக முறை வருகிறவரைக்கும் நங்கூரம் போட்டு நிற்கின்றன.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டாய். நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே ஒரு காலத்தில் கடல். 1966ல் ஆரம்பித்து, பக்கத்திலிருந்த குன்றுகளை வெட்டி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கரையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். நம் சேர்வராயன் மலையிலும் பாக்சைட்டுக்கு வெட்டினார்கள்தான், அது மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. இவர்கள் மலையையே கடலுக்குள் போட்டு, அதன் மேல் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போட்டு, நாற்காலி போட்டு நண்டும் விற்கிறார்கள். சேர்வராயனிடம் யாராவது இப்படிக் கை வைத்திருந்தால் நீயே மண்வெட்டியோடு கிளம்பியிருப்பாய்.

சாப்பாடு சொன்னதும் ஒரு பையன் வாளியில் உயிர் நண்டைக் கொண்டுவந்து காட்டினான். சேற்று நண்டு. பச்சையும் பழுப்புமான நிறம், கொடுக்கு இரண்டையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல். எனக்குக் கை சும்மா இருக்குமா? புரட்டி வயிற்றைப் பார்த்தேன். பட்டை கூம்பாக இருந்தது, ஆண். பெண்ணாக இருந்தால் அகலமாக இருக்கும் என்று நீ வரப்பில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததுதான். இலங்கையிலிருந்து விமானத்தில் வருகிற நண்டாம். நானும் விமானத்தில் வந்தவன்தான், என்ன, எனக்கு ஏஜென்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

கால் மணி கழித்துத் தாம்பாளம் மாதிரி ஒரு தட்டில் வந்தது. பச்சை நண்டு செக்கச் செவேலென்று ஆகியிருந்தது, சுற்றிலும் கெட்டியாக ஆரஞ்சு நிறக் குழம்பு. தொட்டு நாக்கில் வைத்தேன். அம்மாயி, இனிக்கிறது! பேர் மிளகாய் நண்டு, குழம்போ தக்காளிச் சாஸில் சர்க்கரை போட்ட மாதிரி. கொஞ்சம் புளிப்பு, நடுவில் முட்டை நூல் நூலாக ஓடுகிறது, பின்னால்தான் லேசாக ஒரு காரம் வந்து எட்டிப் பார்க்கிறது. என் பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன் "ஸ்பைசி, ஸ்பைசி" என்று தண்ணீர் குடித்தான். நம் ஊர்த் தட்டுவடை செட்டில் தடவுகிற சிவப்புச் சட்னியை இவன் ஒரு வாய் தின்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போகணும்.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, கொஞ்ச நேரத்தில் அந்த ருசி பிடித்துப் போகிறது. இதற்குத் தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த சின்னச் சின்ன பன் தருகிறார்கள், மந்தோ என்று பேர். மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு. பிய்த்துக் குழம்பில் முக்கித் தின்றால் நண்டே வேண்டாம் என்று தோன்றும். நான் ஆறு தின்றேன்.

இந்தக் குழம்புக்கு ஒரு கதை உண்டு. இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான், எனக்குத் தவுக்கே சொன்னார். சேர் யாம் தியான் என்று ஒரு அம்மா. வீட்டில் எப்போதும் நண்டை ஆவியில் வேகவைத்தே கொடுப்பார்களாம். புருஷனுக்கு அலுத்துப் போய், வேறு மாதிரி செய்யேன் என்றிருக்கிறார். அந்த அம்மா பாட்டிலில் இருந்த தக்காளிச் சாஸையும் மிளகாய்ச் சாஸையும் ஊற்றிப் புரட்டிக் கொடுத்தார். 1956ல் தள்ளுவண்டி போட்டு அதையே விற்க ஆரம்பித்து, அப்புறம் பெரிய கடையாகிவிட்டது. முட்டை, எலுமிச்சையெல்லாம் ஹூய் கோக் வாய் என்கிற சமையற்காரர் பிற்பாடு சேர்த்ததாம். நம் வீட்டிலும் தாத்தா அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாமான் பறந்திருக்கும், கடை வந்திருக்காது.

நண்டு உடைப்பதில்தான் வேடிக்கை. பாக்குவெட்டி மாதிரி ஒரு இடுக்கி கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் அதை வைத்து அழுத்தினால் ஓடு எகிறி அடுத்த மேசைக்குப் போகிறது. ஒரு வங்காளத்துப் பையன் சட்டையெல்லாம் குழம்பு. நான் இடுக்கியைத் தொடவே இல்லை. கால் கணுவில் மடக்கி, ஒரு திருகு, மெல்ல ஒரு இழு. உள்ளே இருக்கிற சதை முழுசாக, உறையிலிருந்து கத்தி வருகிற மாதிரி வந்தது. நான் ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை, கைதான் செய்தது. தவுக்கே பார்த்துவிட்டுத் தன் தட்டை என் பக்கம் தள்ளினார். அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியில் எட்டுப் பேருக்கும் நான்தான் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "நீ கடலோரத்து ஆளா?" என்று கேட்டார். "இல்லை, மலையடிவாரம். எங்கள் பாட்டி கற்றுக்கொடுத்தது" என்றேன். கடல் இல்லாத ஊரில் ஏது நண்டு என்று அவருக்குப் புரியவில்லை. நெல் வயல், வரப்பு, வளை என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். எலி வளை என்று நினைத்துவிட்டார் போல, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடுதாசியே எழுதியிருக்க மாட்டேன். அடுத்து மிளகு நண்டு வந்தது. அதுவும் இந்தக் கடற்கரைச் சமையல்தான், 1959ல் வேறொரு கடையில் ஆரம்பித்ததாம். குழம்பு கிடையாது, கறுப்பாக, பொடித்த மிளகு ஓட்டில் ஒட்டிக்கொண்டு. தட்டை மேசையில் வைத்த உடனே வாசனை வந்தது. மிளகும் பூண்டும் நண்டும்.

எனக்கு அந்தக் கடலும் கப்பலும் மறைந்தே போயிற்று. நம் குப்பனூர் வீட்டு அடுப்படிதான் தெரிந்தது. ஐப்பசி மழை விட்ட மறுநாள், நீ வரப்பிலிருந்து சீலை முடிச்சில் கொண்டுவந்து கொட்டுவாய். கொடுக்கை ஒடித்துவிட்டு, காலையெல்லாம் உரலில் போட்டு இடித்து, துணியில் பிழிந்து, அந்தச் சாற்றில் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு, மலையிலிருந்து வந்த மிளகு, எல்லாம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பாய். காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போன காலத்தில் சில்வர் ஓக் மரத்துக் கொடியிலிருந்து உதிர்ந்து கிடந்த மிளகைப் பொறுக்கி வருவேன் என்பாயே. சளி பிடித்தால் ஒரு டம்ளர். பிடிக்காவிட்டாலும் ஒரு டம்ளர்.

இனி அரிப்புக் கதை.

ஆறாவதுக்கு என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்கள். முதல் மழைக்காலத்தில் நீ டிபன் பாக்ஸில் நண்டு வறுவல் வைத்து அனுப்பினாய். திறந்ததும் ஒருத்தன் எட்டிப் பார்த்து, "டேய், இவன் வயக்காட்டுப் பூச்சி திங்கறான்டா" என்று கத்தினான். அன்றிலிருந்து பத்தாவது முடிகிறவரைக்கும் என் பேர் 'நண்டு'. வாத்தியார் ஒருத்தர்கூட ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டார். உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கம். சொன்னால் நீ அந்தப் பையன் வீட்டுக்கே போய்ச் சண்டை போடுவாய் என்ற பயமும்தான். அதனால் ஒரு வேலை செய்தேன். வேலியோரம் இருந்த செந்தட்டி இலையைப் பறித்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு வந்து, நண்டு தின்றதால் வந்தது என்று அழுதேன். அழுகை மட்டும் நிஜம், அம்மாயி. அந்த இலை என்ன எரிச்சல்!

நீ வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிவிட்டாய். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நீ அந்த வருஷத்திலிருந்து வீட்டில் நண்டே ஆக்கவில்லை. "புள்ளைக்கு வாசனையே ஆகாது" என்றாய். மாமாவுக்கு நண்டு என்றால் உயிர், அவர் பக்கத்து வீட்டில் போய்த் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு வருவார். நான் சிங்கப்பூர் வந்த பிறகும் நீ ஆக்கவில்லை என்று பாப்பா சொன்னாள். லீவுக்கு வந்தால் சட்டியில் வாசம் நிற்குமாம். பதினெட்டு வருஷம்! மாமாவுக்குத் தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார். அதனால்தான் ஸ்பீக்கர் இல்லாத கடுதாசி.

அன்றைக்கு பில் எவ்வளவு என்று கேட்பாய். நண்டு மட்டும் கிலோ நூறு வெள்ளிக்கு மேல், வெள்ளி என்றால் இந்த ஊர் டாலர். நம் காசுக்கு ஆறாயிரத்துக்கு மேலே. அதற்கு மேல் சேவைக்குப் பத்து சதவீதம், வரி ஒன்பது சதவீதம். மேசையில் அவர்களாகவே வைத்த வேர்க்கடலைக்கும் ஈரத் துணிக்கும்கூடக் காசு. கடலையை நாங்கள் தொடவே இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. தவுக்கே கட்டினார், முகம் சுளிக்கவில்லை.

மாரியம்மனுக்கு முடிந்த காசை அவிழ்த்துவிடாதே. அரிப்புக்கு இல்லாவிட்டாலும் பொய்க்கு இருக்கட்டும்.

கார்த்திகையில் இருபது நாள் லீவு சொல்லியிருக்கிறேன். கிணற்று மேட்டு வயலில் இன்னும் வளை இருக்கிறதா பார்த்து வை. மருந்தடித்து மருந்தடித்து நண்டே காணோம் என்று தம்பி சொல்கிறான், ஓடையோரம் மிச்சம் இருக்கும். வளையில் நீ கையை விடாதே, கம்பை விடு. நான் வந்து பிடிக்கிறேன். உரலைக் கழுவி வைத்தால் போதும்.

என் கூட வேலை செய்கிற ஆத்தூர்க்காரர் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார். அவரிடம் அந்த மிளகாய் நண்டுக் குழம்பு பாக்கெட் இரண்டு கொடுத்துவிடுகிறேன். மேலே பெரிசாக நண்டுப் படம் போட்டிருக்கும், உள்ளே மசாலாதான், நண்டு கிடையாது. பாப்பாவுக்கு வேண்டுமானால் கோழியில் போட்டுக் கொடு. நீ ருசி பார்த்துவிட்டு இனிக்கிறது என்று உப்பையும் மிளகாய்த் தூளையும் அள்ளிப் போட்டுவிடாதே, ஒரு தடவையாவது அப்படியே தின்று பார்.

இப்படிக்கு,
உன் மூத்த பேரன்

படித்து முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. மாமா கண்ணாடி போடாமலே படிப்பார்.