2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

சுதந்திர தினமும் குடியரசு தினமும் கொடியேற்றி, இனிப்பு வழங்கிக் கொண்டாடப்பட்டன. பொங்கலுக்குக் கோலப்போட்டி நடைபெற்றது. தெருவிளக்கு, வாறுகால் (கழிவுநீர் ஓடை) குறித்து மனுக்கள் கொடுக்கப்பட்டன. நிர்வாகக் குழுக் கூட்டம் இரண்டு முறை போதிய உறுப்பினர் வராமையால் தள்ளிவைக்கப்பட்டது.

ஞாயிறுதோறும் நம் கட்டடத்தில் சிறு குழந்தைகளுக்கு நடக்கும் மழை வகுப்பைப் பற்றி விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர், மழையைச் சொல்லிக்கொடுக்கச் சங்கப் பணம் எதற்கு, சன்னலைத் திறந்தால் தெரியாதா என்று கேட்டார். அன்று நேரமின்மையால் சொல்லாமல் விட்ட பதிலை இன்று சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானதாகச் செய்தியில் கேட்டோம். அது எவ்வளவு தண்ணீர் என்பது நம்மில் பலருக்கு விளங்கவில்லை. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்று நம் வகுப்பின் ஏழு வயதுக் குழந்தை இன்று சொல்லும். மொட்டை மாடியில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், கழுத்தை வெட்டி, அதையே புனல்போல் வாயில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் போத்தலே எங்கள் மழைமானி. அடி சமமாக இராது என்பதால் கூழாங்கல் இட்டு, கோடு வரை நீர் நிரப்பி, அங்கிருந்து அளவு தொடங்குகிறோம். வானிலைத் துறை அளவெடுக்கும் காலை 8.30 மணிக்கே நாமும் எடுக்கிறோம்.

ஒரு ஞாயிறன்று, "தாத்தா, கடல்லேர்ந்துதான் மழை வருதுன்னா, மழைத்தண்ணி ஏன் கரிக்க மாட்டேங்கு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பதில் சொல்வதற்குப் பதிலாக, கல்லுப்பைக் கரைத்த நீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தோம். மறுவாரம் தட்டில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, தண்ணீர் மட்டும் மேலே போயிற்று, உப்பு இங்கேயே தங்கிற்று என்று அவளே சொன்னாள். தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பதும் அதுவே என்றதும், அங்கே போய்வந்த பையன் ஒருவன் மீதிப் பாடத்தைத் தானே நடத்திவிட்டான்.

பாடப்புத்தகத்தின் நீர்ச்சுழற்சிப் படத்தில் ஒரு கடலும் ஒரு மலையும்தான் இருக்கும். நமக்கோ இரண்டு கடல்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேலைக் கடலான அரபிக் கடலில் முகந்த நீர் பொதிகை மலையில் பொழிந்து, பாபநாசம் அணையில் தேங்கி, தாமிரபரணியாக இறங்கி, கார் என்னும் நம் முதல் போக நெல் சாகுபடிக்குப் பாய்ந்தபின், மீதம் புன்னைக்காயலருகே கீழைக் கடலில் சேர்கிறது. மலை மறைப்பதால் அந்த மாதங்களில் சமவெளியில் நமக்கு மழை குறைவு. பிசானம் என்னும் இரண்டாம் போகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே துணை. இதைக் குழந்தைகள் சாக்பீசால் தரையில் வரைந்தார்கள். குளத்தை வரைந்தவர்கள் மிகுநீர் வெளியேறும் மறுகாலையும் விடவில்லை என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

இவ்வளவும் நடந்தது பெரும்பாலும் ஒருவர் உழைப்பில் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். மழைமானி பார்க்க முறைவைத்துப் பெயர் கொடுத்தவர்களில் பலர் ஒரு நாளும் மாடியேறவில்லை. நான் ஊருக்குச் சென்ற நாட்களில் மழை அளவு எழுதும் நோட்டு வெறுமையாகக் கிடந்தது. அவற்றுள் மழை பெய்த நாட்களும் உண்டு. அந்த அளவுகள் இனித் திரும்பக் கிடைக்கா. தம் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பும் வீடுகளிலேயே மூன்றாண்டுச் சந்தா நிலுவையில் இருப்பதையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவுக்குள் செலவு அடங்கியது, கையிருப்பு சொற்பமே. மழை வகுப்புக்கான செலவு சாக்பீஸ், அளவுகோல், நோட்டு அளவில் நின்றது. தலைவருக்கும், கட்டடத்தைத் தூய்மையாக வைத்திருக்கும் அம்மாவுக்கும், தணிக்கை செய்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மாடி நீரை வடிகட்டிக் கிணற்றில் இறக்கும் குழாய் அமைக்க விருப்பம். நூறு சதுர மீட்டர் மாடியில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர் என்று குழந்தைகள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறார்கள். என் உடல்நிலை முன்போல் இல்லை; தினமும் மாடியேற இளையவர் ஒருவர் முன்வந்தால் பொறுப்பை மனநிறைவுடன் ஒப்படைப்பேன். முறைப்பட்டியல் நோட்டு வாசல் மேசையில் உள்ளது. சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் அருகிலேயே இருக்கிறது.

இவண்,
செயலாளர்