ஆண்டறிக்கை 2024–25: நம் தெருவின் அடுக்களைகளும் கேஸ் அடுப்பும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடிக்கு முன்பே தெரு வடிகாலைத் தூர் வாரியாயிற்று. எரியாத தெரு விளக்குகளுக்கு மனு கொடுத்தோம், மாற்றிக் கொடுத்தார்கள். பொங்கல் கோலப் போட்டி நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு சங்கம் மனசு வைத்துச் செய்த பெரிய வேலை ஒன்றுதான். வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பு, சிலிண்டர், டியூப், கீசர் எல்லாவற்றையும் பார்த்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்கழியில் நம் தெருவில் ஒரு வீட்டில், குளிக்கப் போன கல்லூரிப் பெண் தலை சுற்றுகிறது என்று பாதியிலேயே கதவைத் திறந்துகொண்டு வந்து தாழ்வாரத்தில் சாய்ந்துவிட்டாள். கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே சுவரில் மாட்டியிருந்தது. பனிக்காற்று வருகிறதென்று ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். கேஸ் முழுசாக எரியக் காற்று வேண்டும். அடைத்த சின்ன அறையில் காற்று குறையக் குறைய அரைகுறையாக எரியும். அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் கை கால் துவண்டுவிடும், எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியாது. பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துவிட்டு மறுபடியும் அதே அறைக்குள் போகிறார்களே, அதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. அந்தப் பெண் நல்லபடியாக இருக்கிறாள். அந்த வீட்டுக் கீசரை மறுவாரமே வெளிச்சுவருக்கு மாற்றிவிட்டார்கள். இன்னும் சில வீடுகளில் உள்ளேயேதான் இருக்கிறது. அவர்கள் அடுத்த மார்கழிக்குள் மாற்ற வேண்டும். அதுவரை குளிப்பதற்கு முன்பு வாளியில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்புறம் உள்ளே போங்கள்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நம் வீடுகளையே வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தோம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கும் இந்தக் கும்பகோணத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம், அடுக்களை, கொல்லை என்று வாசலிலிருந்து பின்பக்கம் வரை காற்று ஒரே ஓட்டமாக ஓடும். விறகுப் புகை போவதற்காகக் கட்டிய அமைப்பு அது. கேஸ் வந்த பிறகும் அந்தக் காற்றுதான் நம்மைக் காப்பாற்றி வந்தது. இப்போது குரங்குத் தொல்லை, மழைச் சாரல், கொசு என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லி முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டு மூடிவிட்டோம். கூடத்துக்கு ஏ.சி. வந்தது, கொல்லைக் கதவு நாள் முழுக்கச் சாத்தியிருக்கிறது. ஷீட் போட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், குரங்கோடு யார் மல்லுக்கு நிற்பது? ஆனால் ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே கம்பி வலை அடித்து ஒரு முழம் இடைவெளி விடலாம். இந்த ஆண்டு சில வீட்டுக்காரர்கள் அப்படிச் செய்துகொண்டார்கள்.

மேலே திறப்பு இருந்தால் மட்டும் போதாது. நரிமணம், குத்தாலம் பக்கம் பூமியிலிருந்து எடுப்பது இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன், காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போகும். நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளம் பார்த்துத் தங்கும். அதனால் மேடைக்கடியில் கதவு போட்டுச் சிலிண்டரை வைத்திருப்பவர்கள் அந்தக் கதவின் அடிப்பக்கத்தில் துளை வைத்தே ஆக வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே தரையில் காமாட்சி விளக்கு ஏற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. விளக்கைத் தயவுசெய்து வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பரிசோதனையில் அதிகமாகக் கண்டது டியூப் கோளாறுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு நிற டியூபில் அதன் காலக்கெடு அச்சிட்டிருக்கும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எங்கள் வீட்டு டியூப் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொன்ன ஒரு வீட்டில், அழுக்காகாமல் இருக்கத் துணி உறை தைத்து மாட்டியிருந்தார்கள். உறையை உருவிப் பார்த்தால், கிரானைட் மேடையில் போட்ட ஓட்டையின் கூர்விளிம்பு உரசி ரப்பர் பிய்ந்து கம்பி வெளியே தெரிந்தது. உறை வேண்டவே வேண்டாம், டியூப் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சிலிண்டர் வந்து இறங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஆங்கில எழுத்து ஒன்றும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படியே டி வரை. ‘சி 27’ என்றிருந்தால் அந்தச் சிலிண்டரை 2027 செப்டம்பருக்குள் மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். கெடு தாண்டியதை வாங்காதீர்கள். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காலிச் சிலிண்டரின் எடை அதிலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்ந்து வர வேண்டும். வால்வின் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அந்த ரப்பர் வளையத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தெருக்கோடி வீட்டு அம்மாவுக்கு அதில்தான் கசிவு. பிள்ளைகள் வெளியூரில், அவர் மட்டும் தனியாக இருக்கிறார். நம் இளைஞர்கள் ரேழியில் கால் வைத்ததுமே நாற்றம் அடித்தது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைக் கேஸில் கலக்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு எதுவுமே தெரியவில்லை. வயதாக ஆக மூக்கின் திறனும் குறையும். சோப்புத் தண்ணீரைக் கரைத்து ரெகுலேட்டரைச் சுற்றி ஊற்றினோம். டியூப் முனையில் ஒன்றுமில்லை. ரெகுலேட்டர் வால்வோடு சேரும் இடத்தில் ஒரு குமிழி மெள்ள எழும்பி, கோலிக்குண்டு அளவுக்கு உப்பி வெடித்தது. உடனே அடுத்தது. ரெகுலேட்டரைக் கழற்றி, நைலான் கயிற்றில் தொங்கும் மூடியை வால்வில் அழுத்தி மூடியதும் நின்றுவிட்டது. அந்த மூடியைக் கத்தரித்து எறிபவர்கள் இருக்கிறார்கள், எறியாதீர்கள். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கும் வழக்கம் இன்னும் இரண்டொரு வீட்டில் உண்டு என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அடுப்பை மூடுங்கள், ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, வெளியிலிருந்து கேஸ் கசிவு அவசர உதவி எண் 1906-க்குப் போன் செய்யுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள். சாமி விளக்கு எரிந்தால் உடனே மலையேற்றிவிடுங்கள், அதில் தயக்கமே கூடாது.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீ நீலமாக எரிந்தால் சரி. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியாவது பர்னர் அடைத்திருப்பதால். பொங்கிய பாலும் கஞ்சியும் துளைகளில் காய்ந்து கிடக்கும், குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும். பர்னரைக் கழற்றிப் பிரஷால் தேய்த்து, முழுக்கக் காயவைத்து மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தெருவில் வரும் ரிப்பேர்காரர் தீ பெரிசாக வரும் என்று பர்னருக்குக் கேஸ் வரும் ஜெட் துளையை ஊசியால் அகலப்படுத்த வந்தால் விடாதீர்கள். தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுச் சிலிண்டரில் ஹை பிரஷர் ரெகுலேட்டர் மாட்டாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். 19 கிலோ வணிகச் சிலிண்டருக்கு விண்ணப்பிக்கச் சங்கம் உதவும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லைப்புறம் தண்ணீர் ஏறும் வீடுகள் நமக்குத் தெரிந்தவைதான். நிறைந்த சிலிண்டரே தண்ணீரில் மிதக்கும், சுமார் 30 கிலோதான் எடை, கொள்ளளவோ 33 லிட்டருக்கு மேல். மிதக்கும்போது டியூபை இழுத்துப் பிய்க்கும். தண்ணீர் ஏறும் முன்பே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரைத் தூணோடு கட்டிவையுங்கள். நனைந்த ரெகுலேட்டரைச் சோதிக்காமல் மாட்டாதீர்கள்.

2004 ஜூலை 16-இல் நம் ஊர்ப் பள்ளியில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்தோம். சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஆண்டுதோறும் அன்று தீபம் ஏற்றி அஞ்சலி செலுத்துகிறோம். இந்த முறை அன்று மாலையே தீயணைப்பு வீரர்களை அழைத்துச் செயல்விளக்கம் நடத்தினோம். எரியும் சிலிண்டர் வாயை நனைத்த சாக்கால் மூடி அணைப்பதை நம் தெருப் பெண்கள் பலர் தாங்களே செய்து பார்த்தார்கள். தன் அடுக்களையில் எது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும், முதலில் ஓடி வருவதும் அவர்கள்தான். ஆனாலும் அடுத்த விளக்கத்துக்கு ஆண்களும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு காரியங்களுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். ஒன்று, தனியாக வாழும் மூத்த உறுப்பினர்களின் வீடுகளுக்குச் சங்க நிதியிலிருந்து கேஸ் கசிவு அலாரம் வாங்கிப் பொருத்துவது. நம் கேஸ் தரையோடு தங்குவதால் அதைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் மாட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு வகை, கீசர் வைத்திருப்பவர்கள் அதைத் தங்கள் செலவில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஐப்பசி பிறக்கும் முன் மறுபடியும் வீடு வீடாகச் சோப்புத் தண்ணீர்ச் சோதனை. 2028 மகாமகத்துக்கு வீடு கொள்ளாத விருந்தாளிகள் வருவார்கள், கூடுதல் அடுப்பு மூட்டுவார்கள். அதற்குள் இந்தப் பழக்கம் வேரூன்ற வேண்டும். சோதனைக்கு வர விரும்பும் இளைஞர்களும் பெண்களும் இன்று கூட்டம் முடிவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். தெருக்கோடி வீட்டு அம்மா ஏற்கனவே கொடுத்துவிட்டார்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்