அம்பு ஒட்டாத பக்கம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இமெயில், கொஞ்சம் நீளமாக. இருமல் நின்றதா? மலைப்பாதையில் ராத்திரி வண்டி ஓட்டாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன். மான் குறுக்கே பாயும் என்று நீயேதான் சொன்னாய்.

இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். பெரியத்தைக்கு முட்டி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். மணி மாமா வழக்கம்போல்தான்.

தேக்காவில் மீன் வாங்கப் போனால் யாராவது உன்னை விசாரிக்காமல் விடுவதில்லை. “அமெரிக்காவில் எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறாள்” என்று சொல்லி வைப்பேன். எண்ணெய் இல்லை எரிவாயு, இஞ்சினியர் இல்லை, நிலக்காரர்களிடம் பேசிக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற லேண்ட்மேன் என்று விளக்க ஆரம்பித்தால் மீன் கெட்டுப்போகும். நம் ஆட்களுக்கு அது பிடிபடவும் செய்யாது. இங்கே 2015-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடல்மட்டக் கணக்கில் 30 மீட்டருக்குக் கீழே இருப்பதெல்லாம் அரசாங்கத்துக்கு. பென்சில்வேனியாவில் ஒரு பாட்டியின் மாட்டுத்தொழுவத்துக்கு ஒரு மைலுக்கும் கீழே கிடக்கிற வாயு, முன்னோர் யாரும் தனியாக விற்றிருக்காவிட்டால், அந்தப் பாட்டிக்கே சொந்தம் என்றால் யார் நம்புவார்கள்?

அந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க நீ கோர்ட் பதிவறையில் நாள்கணக்காகப் பழைய பத்திரங்களைப் புரட்டினாய் என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வக்கீல் ஆபீஸில் வில்லங்கம் பார்த்தே காலம் தள்ளியவன் மகள் அல்லவா!

பாட்டி என்றதும், ஒரு பாட்டியிடம் குத்தகைக்குக் கையெழுத்து வாங்கியதைத் தீபாவளியன்று வீடியோ காலில் நீ சொன்ன கதை ஞாபகம் வருகிறது. எல்லோரும் சிரித்தார்கள். சின்ன வயதிலிருந்தே நீ நன்றாகக் கதை சொல்வாய். அதைப் பற்றிக் கேட்க நான் இதை எழுதவில்லை. உன் வேலை உனக்குத் தெரியும்.

ஆனால் ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? தோ பாயோ நூலகத்தில் உட்கார்ந்து உங்கள் ஊர்க் குத்தகை விவகாரத்தைப் படித்தேன். வாயு விற்கிற பணத்தில் பாட்டியின் பங்கு “12.5 சதவீதம், சட்டமே சொல்லியிருக்கிறது” என்றாயாம். சட்டம் சொல்லியிருப்பது உண்மைதான், 1979-லேயே. ஆனால் அது இதற்குக் கீழே போகக்கூடாது என்கிற வரம்பு. பேசிப் பார்த்தவர்கள் 15, 18, சிலர் 20 சதவீதம்கூட வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டரையிலும், வாயுவை அழுத்தி, ஈரம் நீக்கி, குழாயில் அனுப்புகிற செலவில் அவர் பங்கைக் கழித்துக்கொள்ளலாம் என்று உங்கள் மாநில உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. அதைப் பாட்டியிடம் சொன்னாயா?

“கையெழுத்துப் போடாவிட்டாலும் பக்கத்துக் கிணறு உங்கள் வாயுவை உறிஞ்சிவிடும்” என்றும் சொன்னாய். இதுவும் முழுப்பொய் இல்லை. பக்கத்து நிலத்தில் பாறையை உடைத்து எடுக்கும்போது இந்தப் பக்கத்து வாயு அங்கே போய்ச் சேர்ந்தாலும், அது மட்டுமே அத்துமீறல் ஆகாது என்று 2020-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் அந்த வாயு கிடக்கிற மார்செல்லஸ் அடுக்கு இறுகிய பாறை. உடைத்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வாயுதான் நகரும், பண்ணை முழுவதும் வடிந்துவிடாது. கையெழுத்து இல்லாமல் பாட்டி நிலத்துக்கு அடியில் கிணற்றைத் திருப்பவும் உங்களுக்கு உரிமை கிடையாது. கையெழுத்துப் போடாவிட்டாலும் நிலத்தைச் சட்டப்படி கட்டாயமாகக் கிணற்றோடு சேர்த்துவிடுவார்கள் என்று உன்னோடு வந்தவன் சொன்னானே, அதுதான் சுத்தப் பொய். அந்த 1961-ஆம் வருஷத்துச் சட்டம் மார்செல்லஸுக்குக் கீழே இருக்கிற அடுக்குகளுக்குத்தான். நீ பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாய்.

பத்திரத்தின் மூலையில் “புரொடியூசர்ஸ் 88” என்று அச்சடித்திருக்கும், அதைப் பார்த்தாலே ஜனங்கள் அரசாங்க ஃபாரம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். அப்படி ஒரே ஃபாரம் கிடையவே கிடையாதாமே. அந்தத் தலைப்பைப் போட்டு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாமாம். அச்செழுத்துக்கு ஜனங்கள் வைத்திருக்கிற மரியாதை எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸில் கையெழுத்துப் போடும் இடத்தில் மஞ்சள் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பு இருக்கிற பக்கத்தை மட்டும் திறந்து வைத்தால், வருகிறவர் பேனாவை எடுத்து “எங்க தம்பி?” என்றுதான் கேட்பார், “என்ன தம்பி?” என்று கேட்க மாட்டார். அதனாலேயே நான் அம்பு ஒட்டாத பக்கத்தை முதலில் திறப்பேன். கயல், வாசித்துக் காட்டு. அவர்கள் கேட்காவிட்டாலும் வாசித்துக் காட்டு. ஐந்து வருஷக் குத்தகை என்றுதான் சொல்வீர்கள். ஒரு கிணற்றில் வாயு வர ஆரம்பித்துவிட்டால் அது வருகிறவரை குத்தகை ஓடும், பேரன் காலத்திலும் ஓடும். கிணற்றில் சேராத நிலத்தையாவது ஐந்து வருஷம் கழித்து விட்டுவிட ஒரு ஷரத்து எழுதலாமே, கேட்டால்தானே எழுதுவீர்கள்? அந்தப் பாட்டிக்குக் கேட்கத் தெரியுமா?

கோபமாக எழுதுவதாக நினைக்காதே. நீ கெட்டிக்காரி. நீ பேசினால் கல்லும் கரையும், அதுதான் எனக்குக் கவலையே. நீ பொய் சொல்லவில்லை என்பாய். கம்பெனியில் இப்படித்தான் பேசச் சொல்லித் தருகிறார்கள் என்பாய். 2008-ல் கையெழுத்துப் போட்டதற்கு ஏக்கருக்கு ஆயிரக்கணக்கான டாலர் போனஸ் கொடுத்தார்கள், அதற்குச் சில வருஷம் முன்னால் கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சில பத்து டாலர்தான். அவர்களிடமும் யாரோ இனிமையாகப் பேசித்தானே வாங்கியிருப்பார்கள்?

பெரியத்தை எஸ்டேட் என்-பிளாக்குக்கு, அதாவது எல்லா வீட்டையும் மொத்தமாக விற்பதற்கு, போனது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது பள்ளிக்கூடம். எண்பது சதவீதம் சேர்ந்தால் போதும், மற்றவர்களும் விற்றாக வேண்டும். ஏஜென்ட் வந்து “ஆன்ட்டி, உங்க மாடியில் எல்லாரும் போட்டாச்சு, நீங்கதான் பாக்கி” என்றான். அத்தை வெட்கப்பட்டுப் போட்டார். ஆமாம், வெட்கம்தான், ஆசையில்லை. நாம்தான் மற்றவர்களைத் தடுக்கிறோமோ என்கிற வெட்கம். அதே மாலை மாடியில் விசாரித்தால் எதிர் வீட்டு மலாய்க்காரரிடமும் அதையே சொல்லியிருக்கிறான், அவரும் அப்படியே போட்டிருக்கிறார். 2007-ல் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது வக்கீல் முன்னால்தான் கையெழுத்து, 5 நாளுக்குள் மனம் மாறினால் வாபஸ் வாங்கலாம். அத்தைக்கு அது கிடைக்கவில்லை. மற்ற கதை உனக்கே தெரியும்.

நீயும் பாட்டியிடம் “எல்லாரும் போட்டாச்சு” என்றுதான் சொன்னாய். அன்றைக்கு இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றிருந்தார்கள், அதையும் நீயே சொன்னாய். அந்த வீடியோ காலில் அத்தையும் இருந்தார், கயல். அதற்கப்புறம் அவர் சிரித்தாரா என்று நீ கவனித்திருக்க மாட்டாய்.

சரி, கேட்டே விடுகிறேன். போனஸுக்குக் கொடுத்தது டிராஃப்ட்தானே? பார்க்கச் செக் மாதிரி இருக்கும், ஆனால் வில்லங்கம் பார்த்துக் கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் பணம் என்று படித்தேன். பணம் இன்னும் போகவில்லை என்றால் விஷயம் முடியவில்லை. யார் யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று பாட்டியிடம் போய் உள்ளபடி சொல்லு. சொந்தமாக ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லு. கமிஷனோ என்னவோ போனால் போகட்டும், வாடகைக்கு நான் அனுப்புகிறேன். உங்கள் லேண்ட்மேன் சங்கத்து விதிகளே நேர்மையாக நடக்கத்தான் சொல்கின்றன, மேலதிகாரி கேட்டால் அதைக் காட்டு.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பெருமாள் கோயிலுக்குப் போய்விடுவாள், பத்து மணிவரை நான் தனியாகத்தான் இருப்பேன். உனக்கு அது சனிக்கிழமை ராத்திரி. அப்போது கூப்பிடு. வண்டி ஓட்டிக்கொண்டே கூப்பிடாதே.

அன்புடன்,
அப்பா